பூஜ்யம் போட்ட பத்து நாள்

கேரளத்தின் பாலக்காடு ஜில்லாவில், கொழிஞ்சாம்பாறை பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஓட்டம் பழக்கும் ஒரு மையத்தில் ஆறு வருஷமாக வேலை செய்கிறேன். பயிற்சியாளர் மலையாளி. பிள்ளைகளுக்கு அவர் ‘மாஷ்’, நான் ‘சார்’. யார் எவ்வளவு ஓடினார்கள், எப்படித் தூங்கினார்கள், காலையில் எழுந்ததும் நாடித்துடிப்பு எத்தனை என்று எழுதி வைத்து, யாருக்கு இன்றைக்கு ஓய்வு வேண்டும் என்று மாஷிடம் சொல்வது என் பொறுப்பு. இங்கே முக்கால்வாசிப் பேருக்கு 1500 மீட்டர்தான் ஆசை. முண்டூரிலிருந்து போய் 2017இல் புவனேஸ்வரத்தில் அதே ஓட்டத்தில் ஆசியத் தங்கம் வென்ற பி.யூ. சித்ரா இந்த ஜில்லாக்காரர் ஆயிற்றே.

பாலக்காட்டுக் கணவாயில் ஓடுகிறவர்களைக் கடிகாரத்தை மட்டும் வைத்து எடை போட முடியாது. மார்கழி, தையில் கிழக்குக் காற்று தள்ளும். காற்றோடு போகும்போது கிலோமீட்டருக்கு 4 நிமிஷம் என்பது விளையாட்டு. திரும்பி வரும்போது அதே 4 நிமிஷம் உயிரை எடுக்கும். பங்குனி வெயில் இன்னொரு கதை. அதனால்தான் கார்ல் ஃபாஸ்டர் என்ற அமெரிக்க ஆய்வாளரின் முறை எனக்குப் பிடித்தது. பயிற்சி முடிந்து அரை மணி கழித்து, மொத்தத்தில் எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று கேட்டு, 0 முதல் 10 வரை ஓர் எண் வாங்க வேண்டும். அதைப் பயிற்சி நடந்த நிமிஷங்களால் பெருக்கினால் அன்றைய சுமை. 60 நிமிஷம், எண் 5 என்றால் 300. உடனே கேட்டால் கடைசி ஓட்டத்தின் இரைப்புதான் பதில் சொல்லும், அதற்காகத்தான் அந்த அரை மணி. கருவி வேண்டாம், காசு வேண்டாம்.

ஆனால் முதல் வருஷம் அது வேலை செய்யவில்லை. எங்களிடம் இருந்த அட்டை மலையாளத்தில் இருந்தது. அதில் களைப்பு என்ற பொருளில் இருந்த ‘க்ஷீணம்’ என்ற சொல்லை உடம்புக்கு முடியாமல் போவது என்று ஒரு பெண் புரிந்துகொண்டு, எத்தனை கடுமையான பயிற்சியானாலும் 1 என்றே சொல்லி வந்தாள். கேட்டால், “உடம்புக்கு ஒண்ணுமில்லீங் சார்” என்பாள். மற்றவர்கள் பக்கத்தில் நிற்பவன் சொன்ன எண்ணையே சொன்னார்கள். அப்புறம் பிள்ளைகளிடமே கேட்டு ஒரு தமிழ் அட்டை எழுதினேன். 2 என்றால் கதை பேசிக்கொண்டே ஓடலாம். 5 என்றால் ரெண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு. 7 என்றால் யாராவது பேச்சுக் கொடுத்தால் கோபம் வரும். 10 என்றால் இனி ஒரு அடி வைக்க முடியாது. ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். எண்கள் பேச ஆரம்பித்தன. அந்த நம்பிக்கைதான் என்னை ஏமாற்றியது என்றும் சொல்ல வேண்டும்.

ஒரு ஓணம் விடுமுறை. பத்து நாள். பள்ளிப் பிள்ளைகளுக்கான உபஜில்லா விளையாட்டு மீட்டுக்கு மூன்று வாரமே இருந்தது. எங்கள் நல்ல ஓட்டக்காரன் ஒருவன், பதினாறு வயது, தினமும் சைக்கிளில் வருகிறவன். அவன் தாளில் பத்துக் கட்டமும் காலி. எல்லாவற்றிலும் நான் 0 போட்டேன். “ஃப்ரெஷ்தானே?” என்று மாஷ் கேட்டார். தாளைப் பார்த்து ஆமாம் என்றேன். விடுமுறைக்கு முன்னால் அவனுடைய வாரச் சுமை 1,800. வந்த முதல் வாரமே 2,100க்கு ஏற்றினோம்.

அடுத்த வாரம் முழங்காலுக்குக் கீழே, முன் எலும்பில் ஒரே இடத்தில் விரலை வைத்தால் துள்ளினான். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. ஆரம்பத்தில் பெரும்பாலும் தெரியாது. எம்ஆர்ஐயில்தான் எலும்பு அயர்ச்சி முறிவு, அதாவது திரும்பத் திரும்ப விழும் சுமையால் வரும் விரிசல், தெரிந்தது. இரண்டு மாதம் ஓட்டம் கிடையாது.

அன்று இரவுதான் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். அவன் திரும்பி வந்த முதல் ஏழு நாள் சுமையை, அந்த ஏழு நாளையும் சேர்த்த 28 நாளின் வாரச் சராசரியால் வகுத்தால் 1.7 வந்தது. டிம் கேபெட் என்ற ஆய்வாளர் 0.8 முதல் 1.3 வரை இருப்பதை நல்லது என்றார். அந்த விகிதத்தை எவ்வளவு நம்பலாம் என்று ஆய்வாளர்களுக்குள்ளேயே வாதம் இருக்கிறது, சரி. ஆனாலும் நான் முன்கூட்டியே பார்த்திருந்தால் கை நின்றிருக்கும். மூச்சு சீக்கிரம் திரும்பிவிடும். எலும்பு அப்படியில்லை: புதுச் சுமை வந்தால் முதலில் பழையதை அரித்துவிட்டு அப்புறம்தான் புதிதாகக் கட்டும், அந்த இடைவெளியில் சில வாரம் அது பலம் குறைந்துதான் இருக்கும்.

அவன் வீட்டுக்குப் போனேன். அம்மா காபி கொடுத்துவிட்டுச் சொன்னார்: “லீவு பூராவும் தேங்கா லோடு ஏத்தப் போனானுங்க சார். நல்ல கூலிங்க.” நான் 0 என்று எழுதிய பத்து நாளும் அவன் சாக்கு தூக்கியிருக்கிறான். ஓட்டத்தில் கால் பழக்கம் விட்டுப்போயிருந்தது, உடம்பும் ஓய்ந்திருக்கவில்லை. ரெண்டும் சேர்ந்துகொண்டன. “ஏன்டா எங்ககிட்ட சொல்லலை?” என்றேன். “நீங்க ஓடுனதத்தானுங் சார் கேட்டீங்க.”

கூலிக்குப் போகாதே என்று அவனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த வீட்டைப் பார்த்தவர் யாருக்கும் வராது.

இப்போது தாளில் ‘வேற வேலை’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் வருவதை ஓட்டச் சுமையோடு கூட்டுவதில்லை. சாக்கு தூக்குவதும் ஓடுவதும் எலும்புக்கு ஒன்றல்ல என்பதால் தனியாகப் பார்க்கிறேன். காலி விட்டால் காலியாகவே வைத்துக்கொண்டு, ஆளைக் கூப்பிட்டுக் கேட்கிறேன். நீண்ட விடுமுறைக்குப் பின் முதல் வாரம் பழைய அளவில் பாதிதான். மீட் எத்தனை பக்கத்தில் இருந்தாலும் மாஷும் இதற்குச் சம்மதித்துவிட்டார். அந்தப் பையன் அந்த வருஷத்து மீட்டைக் கேலரியிலிருந்து பார்த்தான். அடுத்த வருஷம் ஓடினான்.

நேற்று எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுதியிருந்தாள்: ‘தங்கச்சிக்குக் காய்ச்சல், ராத்திரி முழிப்பு. மாட்டுக்குப் புல் அறுத்தேன்.’ காலை நாடித்துடிப்பு வழக்கத்தைவிட 9 கூடுதல். இன்றைக்கு அவளுக்கு இருந்த 400 மீட்டர் ஓட்டங்களை எடுத்துவிட்டு, இருபது நிமிஷம் நடக்கச் சொன்னோம். நடந்து முடித்ததும் மையத்துக் கொட்டகை நிழலில் அரை மணி தூங்கிவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள்.