மொய் நோட்டு காட்டிய மாரிக்குப்பம்

எங்கள் வம்சாவளியை எழுதி வைக்கலாம் என்று இறங்கியபோது கொள்ளுத்தாத்தா பெயருக்கு மேல் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. காரிமங்கலம் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால் ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை வந்துகொண்டே இருக்கும். எந்தச் சின்னசாமி யாருக்கு அப்பா என்பதிலேயே பெரியவர்களுக்குள் வாக்குவாதம் வந்துவிடும்.

தருமபுரியில் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் சில இளைஞர்களும் சேர்ந்து ஒரு வரலாற்றுக் குழு நடத்துகிறார்கள். நடுகல், கல்வெட்டு என்று ஊர் ஊராகப் போகிறவர்கள். அவர்களிடம் யோசனை கேட்டேன். குழுவில் மூத்த ஐயா ஒருவர், "தாலுகா ஆபீசுக்கு அப்புறம் போகலாம் தம்பி. மொதல்ல வீட்டுப் பெட்டியைத் திறங்க, இல்லன்னா கரையான் முந்திக்கும்" என்றார்.

பெட்டியில் வரி ரசீதுகள், புரோநோட்டுகள், ஒரு கட்டு பத்திரம், அப்புறம் மொய் நோட்டுகள் இருந்தன. இரண்டு இளைஞர்கள் வீட்டுக்கே வந்து சொல்லிக் கொடுத்தார்கள். துருப்பிடித்த குண்டூசிகளைக் கழற்றி, மடிப்புகளை மெதுவாகப் பிரித்து, காகிதங்களைத் தட்டையாக வைத்தோம். செல்லோடேப் ஒட்டவே கூடாது, லேமினேஷன் கூடவே கூடாது என்பதில் அவர்கள் கண்டிப்பு. ஒட்டியதைப் பிறகு பிரிக்க முடியாது, காகிதமும் உள்ளேயே மக்கும். ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து ஒவ்வொன்றையும் செல்போனில் படம் எடுத்தோம். கடைசியில் காடாத் துணியில் சுற்றி, தரையில் படாமல் அலமாரியில் வைத்தோம்.

அந்தக் கட்டில்தான் முக்கியமான காகிதம் கிடைத்தது. கொள்ளுத்தாத்தாவின் தம்பி தன் பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்து எழுதிய விடுதலைச் சீட்டு. பதிவு செய்யாதது. தாது வருஷம் ஆவணி மாதம் என்று தேதி போட்டிருந்தது. எங்கள் வீட்டில் வழிவழியாகச் சொல்லி வந்ததும் அதுவேதான்: தாது வருஷப் பஞ்சத்தில் ஒருவர் ஊரை விட்டுப் போனார், அதோடு அந்த வழி அற்றுப்போனது.

குழுவில் இருந்த ஐயா காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தாது வருஷப் பஞ்சம் 1876ல் தொடங்கியது, அப்போது விக்டோரியா காலம். இந்த முத்திரைத்தாளில் இருப்பதோ ஐந்தாம் ஜார்ஜின் தலை. தமிழ் வருஷப் பெயர்கள் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும், ஆகவே இது 1936ல் வந்த தாது. முத்திரைத்தாள் விற்றவர் தேதி எழுதும் பின்பக்க மூலையைக் கரையான் தின்றிருந்தது. அந்தத் தலை இல்லாவிட்டால் அறுபது வருஷம் தள்ளித் தேடிக்கொண்டிருப்போம். போனவர் பஞ்சத்தில் தொலைந்த பழங்காலத்து மனிதர் அல்ல, என் அத்தை கண்ணால் பார்த்திருக்கக்கூடிய ஆள் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்கு உறைத்தது.

சரி, போனது எங்கே? ஊர்த் தலைக்கட்டு வரி நோட்டில் 1936க்குப் பிறகு அவர் பெயர் இல்லை. வரி நோட்டு ஊரில் குடியிருக்கும் ஆண்களைத்தான் கணக்கில் வைக்கும். வெளியூர் போனவர்களையும் கட்டிக்கொடுத்த பெண்களையும் அது விட்டுவிடும். ஆனால் மொய் நோட்டு யாரையும் விடாது. யார், எந்த ஊர், எவ்வளவு என்று எழுதியே ஆக வேண்டும், நாளைக்குத் திருப்பிச் செய்ய வேண்டுமே! ஒரு குடும்பத்தின் உறவு வட்டத்துக்கு அதைவிட நல்ல ஆவணம் நம்மிடம் இல்லை என்பேன். பழைய மொய் நோட்டைத் தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள்.

1962ல் அப்பாவின் கல்யாணத்துக்கு எழுதிய நோட்டில், ஐந்து ரூபாய்க்கு நேராக, விடுதலைச் சீட்டில் தகப்பன் பெயராக இருந்த, கொள்ளுத்தாத்தாவின் அப்பா பெயரையே கொண்ட ஒருவர். தாத்தா பெயர் பேரனுக்கு வரும் வழக்கப்படி, ஊரை விட்டுப் போனவரின் மகனாக இருக்கலாம். ஊர், மாரிக்குப்பம். கோலார் தங்கவயலின் ரயில் நிலையம் இருக்கும் இடம் அது. அத்தையிடம் காட்டினேன். "ஆமாம்பா, பங்காரப்பேட்டையில ரயில் மாறி ஒருத்தர் வந்தாரு. எனக்குச் சித்தப்பா முறைன்னு சொன்னாங்க. எங்க அப்பா அவரோட சரியாப் பேசல" என்றார். சொத்துத் தகராறு என்று ஊகிக்கிறேன், அதற்குமேல் அத்தையைக் கிளறவில்லை.

இந்தப் பக்கத்துச் சனம் நிறையப் பேர் சுரங்க வேலைக்குத் தங்கவயல் போனவர்கள். சுரங்கம் 2001ல் மூடப்பட்டது. பலர் பெங்களூருக்கு வேலை தேடிப் போனார்கள். குழுவில் ஒருவருக்கு அங்கே சொந்தம் இருந்தது. அவர் வழியாகக் கேட்டுக் கேட்டு, அந்த மாரிக்குப்பத்துக்காரரின் பேரனைக் கண்டுபிடித்தோம். எங்கள் குலதெய்வம் வேடியப்பன் என்று சொன்னதும், அவர்கள் வீட்டிலும் வேடியப்பன் படையல் உண்டு, கோயில் எந்த ஊரில் என்றுதான் தெரியாது என்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அந்த வேடியப்பன் ஒரு நடுகல். வில் ஏந்திய வீரன், காலடியில் மாடுகள். பங்காளிகள் சிலர் டைல்ஸ் ஒட்டிய சுவரில் கல்லைப் பதிக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். குழுவினர் பூசாரியிடம் அனுமதி கேட்டு, தண்ணீரும் மெல்லிய பிரஷ்ஷும் கொண்டு எண்ணெய்ப் பிசுக்கை நீக்கி, ஈரத்தாளை ஒட்டித் தட்டி மைப்படி எடுத்தார்கள். தாளில் வீரனின் உருவம் தெளிவாக எழுந்ததைப் பார்த்த பிறகு, கல் நின்ற இடத்திலேயே நிற்கட்டும் என்று பங்காளிகளே முடிவு செய்தார்கள்.

அலுவலக வேலையும் உண்டுதான். சொத்தின் வில்லங்கச் சான்று இணையத்தில் குறிப்பிட்ட ஆண்டிலிருந்துதான் கிடைக்கிறது, அதற்கு முந்தியதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட வேண்டும். பாகப்பிரிவினைப் பத்திரத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள், அண்ணன் தம்பி அத்தனை பேரும் தகப்பன் பெயரோடு அதில் இருப்பார்கள்.

எங்கள் வம்சக் கொடிவழியில் பெண் வழிகளையும் சேர்த்தே எழுதுகிறோம். இதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. பாலக்கோடு பக்கம் கட்டிக்கொடுத்த ஒரு பாட்டியின் வழிதான் இன்னும் பாக்கி. அந்த ஊரில் பழைய மொய் நோட்டுகள் வைத்திருக்கும் ஒருவரிடம் பேசியிருக்கிறேன், திருவிழா முடிந்ததும் வரச் சொல்லியிருக்கிறார்.