ஏலக்காய் பில்லும் இரண்டாவது ஸ்கிரீனும்

மாதா மாதம் 14-ஆம் தேதி ஜிஎஸ்டி தளத்தில் 2பி வந்துவிடும். 20-ஆம் தேதிக்குள் 3பி என்ற மாதாந்திர வரி ரிட்டர்னைத் தாக்கல் செய்தாக வேண்டும். நடுவில் இருக்கும் அந்த ஆறு நாட்களில் நான் வீட்டில் இருப்பது அபூர்வம். மதுரையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை. போடி, தேனி, ராஜபாளையம், சிவகாசி என்று கிளையன்ட் இருக்கும் ஊருக்கு லேப்டாப்போடு போய், அவர்கள் ஒதுக்கித் தரும் மூலையில் உட்கார்ந்து, பர்ச்சேஸ் ரிஜிஸ்டரையும் 2பி-யையும் வரிக்கு வரி ஒத்துப் பார்க்க வேண்டும். ஒன்றரை வருஷமாக என் பையில் லேப்டாப்புக்குத் துணையாக 15.6 அங்குல போர்ட்டபிள் மானிட்டர் ஒன்றும் போகிறது. "அதை எதுக்குச் சுமந்துக்கிட்டு அலையுற" என்று கேட்காதவர்கள் இல்லை. அதற்கான பதில்தான் இது, கொஞ்சம் நீளமாகவே இருக்கும்.

எங்கள் வேலை தெரியாதவர்களுக்காக ஒரு விளக்கம். நமக்குச் சரக்கு விற்றவர்கள் தங்கள் ரிட்டர்னில் எந்தெந்த பில்லை ஏற்றியிருக்கிறார்களோ அந்தப் பட்டியல்தான் 2பி. நாம் கணக்கு எழுதும் டேலி மென்பொருளில் இருக்கும் ஒரு பில் அதில் இல்லையென்றால் அதற்குக் கட்டிய வரியை இன்புட் கிரெடிட்டாக எடுத்து, நாம் கட்ட வேண்டிய வரியில் கழிக்க முடியாது, 2022 ஜனவரியிலிருந்து இது கறாராக இருக்கிறது. இரண்டு பட்டியலையும் எக்செல்லில் போட்டு ஃபார்முலாவில் இழுத்தால் முக்கால்வாசி தானாகச் சேர்ந்துவிடும். சேராமல் நிற்கும் நாற்பது, ஐம்பது வரிதான் ஆளை உட்கார வைக்கும். நாம் 118 என்று மட்டும் போட்டிருப்போம், அங்கே 118/23-24 என்று இருக்கும். சைபர் இருக்க வேண்டிய இடத்தில் ஓ என்ற எழுத்து இருக்கும். ஒரு பில்லை அவர்கள் மாதக் கடைசியில் போட்டிருப்பார்கள், சரக்கு நமக்கு அடுத்த மாதம் வந்திருக்கும். இதையெல்லாம் மனுஷன்தான் கண்ணால் பார்த்துச் சேர்க்க வேண்டும், அதுவும் இரண்டையும் ஒரே நேரத்தில் பார்த்தால்தான் சேரும்.

லேப்டாப்பில் ஒரே ஸ்கிரீன். ஆல்ட் டேப் அடித்து இங்கே ஒரு பார்வை, அங்கே ஒரு பார்வை. பாதியாகப் பிரித்து வைத்தால் எக்செல்லில் நாலு நெடுவரிசைதான் தெரியும், மீதிக்கு நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் பில் எண்ணையோ விற்றவரின் ஜிஎஸ்டி எண்ணையோ மனதில் வைத்துக்கொண்டு அடுத்த பக்கத்தில் தேடுவேன். நாளெல்லாம் அப்படிச் செய்யும்போது, நம்மை அறியாமலே முழு எண்ணையும் படிப்பதை விட்டுவிட்டுக் கடைசி நாலு இலக்கத்தை மட்டும் படிக்கப் பழகிவிடுகிறோம். எனக்கு அதுதான் நடந்தது.

போடியில் ஓர் ஏலக்காய் வியாபாரி. அவர் சரக்கு எடுக்கும் ஒரு நிறுவனத்துக்கு போடியிலும் கிளை, மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கியிலும் கிளை. ஒரே பான் எண், இரண்டு ஜிஎஸ்டி எண். 15 எழுத்துள்ள அந்த எண்ணில் முதல் இரண்டு இலக்கம் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33, கேரளாவுக்கு 32. அடுத்த பத்து எழுத்தும் பான் எண்தான், அதனால் இரண்டு எண்ணும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆறு லட்ச ரூபாய்க்கு ஒரு பில், 5 சதவீதம் என்றால் 30,000 ரூபாய் வரி. பில் வந்தது இடுக்கி கிளையிலிருந்து, வெளிமாநிலச் சரக்குக்கான ஐஜிஎஸ்டி போட்டு. டேலியில் அதை போடி கிளையின் பெயரில், உள்மாநிலச் சரக்குக்குப் போடுவது மாதிரி சிஜிஎஸ்டி பதினைந்தாயிரம், எஸ்ஜிஎஸ்டி பதினைந்தாயிரம் என்று ஏற்றியிருந்தார்கள். ஃபார்முலாவில் அது சேரவில்லை. நானும் போடி கிளை எண்ணின் கடைசி நாலு எழுத்தை மட்டும் வைத்துக் கண்ணால் தேடிப் பார்த்துவிட்டு, அந்த வரிகளில் அப்படி ஒரு பில் இல்லை என்று முடிவு கட்டி, "விற்றவர் இன்னும் ஏற்றவில்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

வியாபாரி அந்த நிறுவனத்துக்குப் போன் போட்டுக் கத்தியிருக்கிறார். இருபது வருஷப் பழக்கம் உள்ளவர்கள். அரை மணி நேரத்தில் அவர்கள் பக்கத்திலிருந்து ஸ்கிரீன்ஷாட் வந்தது, பில் ஏற்கெனவே ஏற்றியாயிற்று, 32-இல். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. பணம் போகவில்லை, 20-ஆம் தேதிக்கு முன்பே திருத்திவிட்டோம். ஆனால் என் வார்த்தையை நம்பி ஒரு மனிதர் இன்னொருவரிடம் சண்டை போட்டுவிட்டார். அன்று இரவு பஸ்ஸில் ஆண்டிபட்டி கணவாய் தாண்டி வரும்போது யோசித்துப் பார்த்தேன். மதுரை அலுவலகத்தில் என் மேஜையில் இரண்டு மானிட்டர் இருக்கிறது, அங்கே இந்த மாதிரித் தப்பு எனக்கு வந்ததே இல்லை. வெளியூர் போனால் மட்டும் வருகிறது.

மறுநாளே தேட ஆரம்பித்துவிட்டேன்.

முதலில் கையில் இருந்த பத்து அங்குல டேப்லெட்டை வயர்லெஸில் இணைத்துப் பார்த்தேன். மவுஸ் ஒரு நொடி பிந்தியே நகர்ந்தது, எழுத்து எறும்பு மாதிரி இருந்தது. படம் பார்க்கவோ, பக்கத்தில் சாட் திறந்து வைக்கவோ அது போதும், பில் எண் படிக்க உதவாது. லாட்ஜில் தங்கும்போது அறையில் இருக்கும் டிவியில் எச்டிஎம்ஐ ஒயரைச் சொருகியும் பார்த்திருக்கிறேன். அவசரத்துக்கு அது நல்ல வழிதான், ஒரு எச்டிஎம்ஐ ஒயரை எப்போதும் பையில் வைத்திருங்கள். ஆனால் லாட்ஜ் டிவி சுவரில் ஏழடி உயரத்தில் இருக்கும், கட்டிலில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்து இரண்டு மணி நேரம் வேலை செய்தால் மறுநாள் கழுத்து திரும்பாது.

அப்புறம்தான் மானிட்டர் வாங்கினேன், பத்தாயிரத்துக்குக் கொஞ்சம் மேலே. சுமார் 800 கிராம் எடை. வாங்கியதும் வந்த முதல் இடி ஒயர். கடையில் "டைப்-சி தானேம்மா, எல்லாம் ஒண்ணுதான், சொருகினா வந்துரும்" என்றார்கள். வரவில்லை. டைப்-சி என்பது அந்த ஓட்டையின் வடிவத்துக்கு வைத்த பெயர், அதற்குள் என்ன ஓடும் என்பது லேப்டாப்புக்கு லேப்டாப் மாறும். சிலவற்றில் டேட்டா மட்டும், சிலவற்றில் சார்ஜும் டேட்டாவும், சிலவற்றில்தான் அதோடு படமும் வரும். படம் வர வேண்டுமென்றால் அந்த போர்ட்டில் டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட் இருக்க வேண்டும். பக்கத்தில் மின்னல் குறியோடு தண்டர்போல்ட் என்று இருந்தாலோ, டி-க்குள் பி எழுதிய மாதிரி சின்னம் இருந்தாலோ நிச்சயம் வரும். சின்னமே இல்லாமலும் சில லேப்டாப்பில் வரும், அதனால் மாடல் எண்ணைப் போட்டு கம்பெனியின் தளத்தில் பார்த்துவிட்டு வாங்குங்கள். போர்ட் சரியாக இருந்தும் படம் வராவிட்டால் ஒயரை மாற்றிப் பாருங்கள், போன் சார்ஜர் ஒயரில் பெரும்பாலும் படம் போகாது. மானிட்டரோடு பெட்டியில் வந்த ஒயரில் நான் ஒரு சிவப்பு நூலைக் கட்டி வைத்திருக்கிறேன், வீட்டில் யாரும் போனுக்கு எடுத்துக்கொண்டு போகாமல் இருக்க.

என் அப்போதைய லேப்டாப்பில் அந்த போர்ட் படம் தராதது. அதனால் ஆறு மாதம் மினி எச்டிஎம்ஐ ஒயரில் படம், இன்னொரு யுஎஸ்பி ஒயரில் கரண்ட் என்று இரண்டு ஒயரோடு ஓட்டினேன். ஒன்றும் குறையில்லை, மேஜைதான் கொஞ்சம் சிக்கலாகத் தெரியும். பழைய லேப்டாப் வைத்திருப்பவர்கள் இதற்காகப் புதிது வாங்க வேண்டியதில்லை.

கரண்ட் விஷயத்தைச் சரியாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் விற்பவர்கள் இதைப் பேசுவதில்லை. இந்த மானிட்டருக்குள் பேட்டரி கிடையாது, லேப்டாப்பிலிருந்துதான் உறிஞ்சும். என்னுடையது பாதி வெளிச்சத்தில் சுமார் 8 வாட் எடுக்கிறது. லேப்டாப் பேட்டரி 50 வாட்-அவர், டேலியும் எக்செல்லும் மட்டும் ஓடினால் 10 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஐந்து மணி நேரம் வரும். மானிட்டரைச் சொருகினால் 18 வாட், மூன்று மணி நேரம்கூட வராது. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்குக் கரண்டை நிறுத்தும் நாளில் போய் மாட்டிக்கொண்டால் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே இரண்டும் அணைந்துவிடும். அதனால் மானிட்டரின் இன்னொரு போர்ட்டில் 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒன்றைத் தனியாகச் சொருகிவிடுகிறேன், இழப்பு போக எனக்கு ஆறேழு மணி நேரம் ஓடுகிறது. சக்தி குறைந்த பவர் பேங்காக இருந்தால் ஸ்கிரீன் விட்டுவிட்டு மின்னும், மானிட்டர் கெட்டுவிட்டதென்று பயந்துவிடாதீர்கள். விமானத்தில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பவர் பேங்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், 100 வாட்-அவருக்குள் இருந்தால் தனி அனுமதி தேவையில்லை. 20,000 எம்ஏஎச் என்பது 74 வாட்-அவர்தான்.

வெளிச்சம் இன்னொரு குறை. கடை முன்வாசலில், வெயில் விழும் இடத்தில் உட்கார வைத்தால் 250 நிட்ஸ் வெளிச்சம் மட்டுமே உள்ள இந்த ஸ்கிரீனில் என் முகம்தான் தெரியும். உள்ளே இடம் கேட்டு வாங்கிவிடுவேன். நிறம் கொஞ்சம் வெளிறித் தெரியும், கணக்குக்கு அது பொருட்டே இல்லை, போட்டோ வேலை செய்பவர்கள் வாங்குமுன் யோசிக்கட்டும். மறுபடி வாங்குவதென்றால் நான் அகலத்தைப் பார்க்க மாட்டேன், உயரத்தைப் பார்ப்பேன். 1080-க்குப் பதில் 1200 பிக்சல் உயரம் உள்ளதில் எக்செல்லில் நாலைந்து வரி கூடுதலாகத் தெரியும், எங்கள் தொழிலில் நாலைந்து வரி பெரிது.

மடக்கி நிறுத்தும் அந்தக் காந்த உறைதான் இதில் எனக்குப் பிடிக்காத ஒன்று. வழவழப்பான மேஜையில் மெதுவாகச் சரிந்து படுத்துவிடும். ஆனால் வியாபாரிகளின் கடையில் அதற்கு மருந்து தாராளமாகக் கிடைக்கிறது, பழைய பேரேடுகள். கெட்டி அட்டை போட்ட இரண்டு பேரேட்டை அடுக்கி, மேலே மானிட்டரை வைத்து, பின்னால் இன்னொன்றை முட்டுக்கொடுத்தால் அசையாது, கண் மட்டத்துக்கும் வந்துவிடும். லேப்டாப்பை நேராகவும் மானிட்டரை வலப்பக்கம் சற்றுச் சாய்த்தும் வைப்பேன். 2பி எப்போதும் வலப்பக்கம், டேலி எப்போதும் இடப்பக்கம், இதை ஒரு நாளும் மாற்றுவதில்லை. இடம் மாறாமல் இருந்தால்தான் கண் தானாகப் போகும். திறந்திருக்கும் விண்டோவை அடுத்த ஸ்கிரீனுக்குத் தள்ளிவிட விண்டோஸ் கீ, ஷிப்ட், அம்புக்குறி மூன்றும் சேர்த்து அடித்தால் போதும், மவுஸால் இழுக்க வேண்டியதில்லை. எழுத்து பெரிதாகத் தெரிய ஸ்கேல் 125 சதவீதம்.

பஸ்ஸில் கொண்டுபோவதைப் பற்றி ஒன்று. அரப்பாளையத்தில் ஏறும்போது பையை மேலே போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கிய காலம் முடிந்துவிட்டது. இந்தக் கண்ணாடி மெலிது, மேலே யாராவது மூட்டையை வைத்தால் உள்ளே கீறல் விழுந்துவிடும். ஸ்கிரீன் பக்கம் லேப்டாப்பின் மூடியைப் பார்க்கும்படி வைத்து, நடுவில் ஒரு துண்டைப் போட்டு, பையை மடியிலேயே வைத்துக்கொள்கிறேன். ஓடும் பஸ்ஸிலும் ரயிலிலும் மானிட்டரைத் திறப்பதில்லை. இடம் இல்லை என்பது ஒரு காரணம், அதைவிடப் பெரிய காரணம், அது என் கணக்கு இல்லை. யாரிடம் எவ்வளவுக்கு வாங்கினார், யாருக்கு என்ன பாக்கி என்பதெல்லாம் இன்னொருவரின் வயிற்றுப்பாடு. பக்கத்து சீட்டுக்காரர் படிக்கும்படி அதை விரித்து வைக்க எனக்கு உரிமை இல்லை. டீக்கடை பெஞ்சில் ஸ்டைலாக இரண்டு ஸ்கிரீன் விரித்து வேலை செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது.

வாங்கும்போது நினைத்தே பார்க்காத ஒரு பயனும் உண்டு. போடி கடையில் கணக்குப்பிள்ளை ஒருவர் இருக்கிறார், அறுபத்தைந்து வயதுக்கு மேல். டேலியில் ஏற்றுவது ஒரு பையன், ஆனால் எந்தச் சரக்கு எந்த லாட்டில் எந்தக் கிளையிலிருந்து வந்தது என்பது இவர் தலையில் இருக்கிறது. முன்பெல்லாம் சந்தேகம் வந்தால் லேப்டாப்பை அவர் பக்கம் திருப்புவேன், அவர் படித்து முடிக்கும்வரை என் வேலை நிற்கும், அதனால் கேட்கவே தயங்குவேன். அவரும் "பாத்துக்கம்மா" என்று நகர்ந்துவிடுவார். இப்போது மானிட்டரை அவர் பக்கம் திருப்பி வைத்து, விண்டோஸ் கீயோடு பி அடித்து டூப்ளிகேட் போட்டுவிட்டால் நான் பார்ப்பதையே அவரும் பார்க்கிறார். ஸ்டூலை இழுத்துப்போட்டு, பில் கட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாக விரலை வைத்து வருகிறார். அந்த 32, 33 கதையைச் சொன்னதிலிருந்து எண்ணின் முதல் இரண்டு இலக்கத்தைச் சத்தமாகப் படிக்கிறார்.

போன மாதம் சேராமல் நின்றது 43 வரி. இரண்டு பேரும் உட்கார்ந்ததில் மத்தியானம் மூன்று மணிக்கு ஐந்தாகக் குறைந்தது. அந்த ஐந்தில் இரண்டை அவர் பார்த்தவுடனே, "இது ரிட்டர்ன் போன சரக்கும்மா, பையன் மறந்துட்டான், அவங்க கிரெடிட் நோட் போட்டிருப்பாங்க, தேடு" என்றார். தேடினேன், இருந்தது. மீதி மூன்று உண்மையிலேயே ஏற்றாதவை. இந்த முறை போன் போட்டது நான்தான், பில் எண், தேதி, ஜிஎஸ்டி எண் மூன்றையும் திரையைப் பார்த்துப் படித்து, "ஒரு தடவை சரிபார்த்துச் சொல்லுங்க" என்று.

கிளம்பும்போது மானிட்டரை உறையில் போட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த தடவை எழுத்தை இன்னும் கொஞ்சம் பெரிசாக வைக்க முடியுமா என்று கேட்டார். அவர் பக்கம் திருப்பும்போது 150 சதவீதம் என்று கையில் எழுதிக்கொண்டு பஸ் ஏறினேன்.