சாவி கருவிக்குள்ளேயே பிறக்கட்டும்: படுவான்கரை நீர்மட்ட மானிகளுக்குச் சான்றிதழ் ஒழுங்குசெய்த அனுபவம்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் வாய்க்கால் மதகுகளை ஒட்டி நீர்மட்டம் அளக்கும் கருவிகளை நட்டிருக்கிறோம். ஒவ்வொன்றிலும் இஎஸ்பி32 என்ற சின்னக் கணினிச் சிப் ஒன்று, ஒரு 4ஜி மோடம், தண்ணீர் உயரம் பார்க்கும் சென்சர், சின்னதாக ஒரு சோலார் தட்டு, பற்றரி, அவ்வளவுதான். அளவை, சிறு செய்திகள் அனுப்பும் எம்க்யூடிடி முறை வழியாக எங்கள் சேர்வருக்கு அனுப்பும், அங்கிருந்து கமக்காரர் அமைப்பினருக்கும் நீர்ப்பாசனத்தைக் கவனிக்கும் வட்டவிதானைமாருக்கும் போனில் தெரியும். கருவியும் சேர்வரும் ஒன்றையொன்று நம்புவது டிஎல்எஸ் (இணைப்பைப் பூட்டும் முறை) சான்றிதழ்களை வைத்துத்தான். சான்றிதழ் அடையாள அட்டை மாதிரி, அதற்குரிய இரகசியத் தனிச்சாவி வைத்திருப்பவர்தான் அதன் உரிமையாளர். அந்தச் சான்றிதழ்களையும் சாவிகளையும் எப்படி ஓர் ஒழுங்குக்குக் கொண்டுவந்தோம் என்பதை எழுதி வைக்கிறேன். வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் உள்ள பல்கலைக்கழகங்களில் படித்துவிட்டு இதே மாதிரிக் கருவிகள் செய்கிற பிள்ளைகள் இப்போது நிறைய இருக்கிறார்கள், அவர்களுக்கு நேரடியாக உதவும்.

கருவிக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேர் வெளியில் ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்து எழுதுவித்தது. நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாள் விடிய எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்திவிட்டன. பெரும்போகத்துக்கு விதைத்திருந்த நேரம், மழையும் பிடித்துவிட்டது. ஒரு வட்டவிதானை மாமா போன் எடுத்தார்: “என்ன மனே, பெட்டியெல்லாம் ஊமையாக் கிடக்கு? மதகடியில தண்ணி ஏறிட்டு, போன்ல நேத்தைய கணக்குத்தான் நிக்குது.” ஒன்றிரண்டு நின்றால் பற்றரி, சிம், யானை என்று யோசிக்கலாம், எல்லாமே ஒன்றாக நின்றால் பிழை நம் பக்கம் சேர்வரில்தான்.

காரணம் கண்டுபிடிக்க அதிக நேரம் பிடிக்கவில்லை. சேர்வரில் இருந்தது லெட்ஸ் என்கிரிப்ட் தரும் இலவசச் சான்றிதழ், 90 நாள் ஆயுள். அதைத் தானாகப் புதுப்பிக்கும் செர்ட்பாட், முடிவுக்கு 30 நாள் இருக்கும்போதே புதியதை எடுத்துவிடும், வேறு மாதிரிச் சொல்லாவிட்டால் சாவியையும் புதிதாக்கிவிடும். ஃபர்ம்வேர் எழுதியவர்களோ அந்தச் சேர்வர் சான்றிதழையே, ரூட்டை (மற்றச் சான்றிதழ்களுக்குக் கையொப்பமிடும் தலைச் சான்றிதழை) அல்ல, அதையே எழுத்துக்கு எழுத்து மென்பொருளுக்குள் ஒட்டிவைத்திருந்தார்கள். சேர்வர் புதுச் சான்றிதழோடு எழும்பியதும் கருவிகள் “உன்னை எனக்குத் தெரியாது” என்று இணைப்பை அறுத்துவிட்டன. கருவி தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது.

இந்த இடத்தில் சிலர் சொன்ன யோசனை, சான்றிதழ் சரிபார்ப்பையே நிறுத்திவிடுவது. நூலகங்களில் அதற்கு ஒரே ஒரு வரி போதும், நிறையப் பேர் அப்படித்தான் விட்டுவைத்திருக்கிறார்கள். நான் கடைசிவரை சம்மதிக்கவில்லை. கருவி அனுப்பும் நீர்மட்ட எண்ணைப் பார்த்துத்தான் மதகுக் கதவைத் திறப்பதா மூடுவதா என்று மனிதர் முடிவெடுக்கிறார். அதைவிடப் பெரிய காரணம், புதிய ஃபர்ம்வேரும் இதே வழியில்தான் கருவிக்குப் போகிறது. நடுவில் இருப்பவர் சேர்வர் மாதிரி நடித்தால் கருவி முழுக்க அவர் கைக்குப் போய்விடும்.

முதலில் கருவிகளைத் திரும்பப் பேசவைக்க வேண்டும். ஒவ்வொரு கம்பத்துக்கும் லப்டொப்போடு போவது அந்த மழைக்குள் நடக்காது, உள் பாதைகள் தண்ணீருக்குள், பின்னேரமானால் யானை. ஆனால் செர்ட்பாட் பழைய சான்றிதழ்களையும் சாவிகளையும் அழிப்பதில்லை, ஆர்க்கைவ் என்ற கோப்புறையில் எண் போட்டு வைத்திருக்கும். பழையதற்கும் இன்னும் கிட்டத்தட்ட 30 நாள் ஆயுள் இருந்தது. அதை எடுத்து எம்க்யூடிடி போர்ட் 8883க்குத் திரும்பக் கொடுத்ததும் ஒவ்வொன்றாகக் கருவிகள் வந்து சேர்ந்தன. தானாகப் புதுப்பித்தலை அந்தப் போர்ட்டுக்கு நிறுத்திவிட்டு, அந்த இடைவெளிக்குள் ஓடிஏ (தொலைவிலிருந்தே மென்பொருள் அனுப்பும் வழி) மூலம் புதிய ஃபர்ம்வேர் அனுப்புவது என்று முடிவெடுத்தோம். உங்களுக்கும் இப்படி நடந்தால் பதறிச் சேர்வரை அழித்துத் திரும்ப நிறுவ வேண்டாம், முதலில் அந்தக் கோப்புறையைப் பாருங்கள்.

அடுத்த கேள்வி, கருவி யாரை நம்ப வேண்டும் என்பது. பொது ரூட் சான்றிதழை வைக்கலாம். லெட்ஸ் என்கிரிப்டின் ஐஎஸ்ஆர்ஜி ரூட் எக்ஸ்1, 2035 ஜூன் வரை செல்லும். ஆனால் ரூட்டும் காலாவதியாகும் பொருள்தான். 2021 செப்டெம்பர் 30 அன்று டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3 முடிந்தபோது, புதுப்பிக்கப்படாத பழைய சாதனங்கள் பல உலகம் முழுக்க இணைப்பிழந்தன. இஎஸ்பி32க்கு மென்பொருள் எழுத உதவும் இஎஸ்பி-ஐடிஎஃப்போடு மொசில்லாவின் ரூட் பட்டியல் ஒரு தொகுப்பாகவே வருகிறது, ஒவ்வொரு ரூட்டின் பெயரையும் பொதுச் சாவியையும் மட்டும் வைத்து இடத்தைச் சுருக்கியிருக்கிறார்கள். வெளித் தளங்கள் பலவற்றோடு பேசும் கருவிக்கு அது மிக நல்லது. எங்கள் கருவி பேசுவது எங்கள் சேர்வரோடு மட்டும். அதற்கு ஏன் உலகத்தில் உள்ள நூற்றுக்கும் மேற்பட்ட ரூட்களை நம்ப வேண்டும்?

ஆகவே சொந்தமாக ஒரு சிஏ, அதாவது சான்றிதழ்களுக்குக் கையொப்பமிடும் அமைப்பு. இன்டர்நெட்டில் இணைக்காத ஒரு பழைய லப்டொப்பில் ஓபன்எஸ்எஸ்எல் மென்பொருள் வைத்து ரூட் சாவி உருவாக்கினோம், பி-256 என்ற சிறிய சாவி வகை, 20 வருட ஆயுள். சாவி கடவுச்சொல்லோடு பூட்டப்பட்டு இரண்டு பென் டிரைவில், வெவ்வேறு வீடுகளில் இருக்கிறது. அதன் கீழ் ஓர் இடைநிலைச் சான்றிதழ், அதுதான் அன்றாடம் கையொப்பமிடும். ஃபர்ம்வேருக்குள் இரண்டு ரூட்கள் போகின்றன: பாவனையில் உள்ளது ஒன்று, இன்னும் ஒருமுறைகூடப் பயன்படுத்தாத மாற்று ரூட் ஒன்று. முதலாவதுக்கு ஏதும் நடந்தால் கம்பத்தடிக்குப் போகாமலே மற்றதற்கு மாறலாம். பொதுச் சான்றிதழ்களின் ஆயுளோ குறைந்துகொண்டே போகிறது, 2029 மார்ச் 15 முதல் அதிகபட்சம் 47 நாள்தான் என்று உலாவி நிறுவனங்களும் சான்றிதழ் நிறுவனங்களும் சேர்ந்த மன்றம் ஏற்கனவே முடிவெடுத்துவிட்டது. வயலில் பத்து வருடம் நிற்க வேண்டிய பெட்டியை அந்த ஓட்டத்தோடு கட்டிவைப்பது நல்லதல்ல.

சாவிகளின் நிலைதான் என்னை அதிகம் கவலைப்படுத்தியது. ஒரு கருவியை மேசையில் வைத்து யுஎஸ்பியில் இணைத்து, இஎஸ்பிடூல் என்ற நிரல் கொண்டு பிளாஷ் நினைவகம் முழுவதையும் ஒரு கோப்பாக இறக்கி, அதில் எழுத்துகளைத் தேடினேன். சான்றிதழும் அதன் கீழே தனிச்சாவியும், “பிகின் பிரைவேட் கீ” என்ற தலைப்போடு அப்படியே கிடந்தன. இன்னொரு கருவியிலும் பார்த்தேன், எழுத்து மாறாமல் அதே சாவி. ஊரில் எல்லா வீட்டுக்கும் ஒரே திறப்பு போட்ட மாதிரி. வாய்க்கால் ஓரத்தில் நிற்கும் ஒரு பெட்டியைக் கழற்றிக்கொண்டு போகிறவர் எல்லாப் பெட்டிகளின் பெயரிலும் பேசலாம்.

இதற்கு நாங்கள் பிடித்துக்கொண்ட விதி, தனிச்சாவி அந்தந்தக் கருவிக்குள்ளேயே உருவாக வேண்டும், அதைவிட்டு ஒருபோதும் வெளியே வரக்கூடாது. கருவி தன் சாவியை உருவாக்கி, சிஎஸ்ஆர் எனப்படும் கையொப்ப வேண்டுகோளை மட்டும் அனுப்பும். சேர்வர் கையொப்பமிட்ட சான்றிதழைத் திருப்பிக் கொடுக்கும். நாங்கள்கூடச் சாவியைப் பார்ப்பதில்லை. ஆர்எஸ்ஏ 2048 என்ற பழைய வகைச் சாவி உருவாக்க இந்தச் சின்ன சிப்புக்குப் பல விநாடிகள் பிடிக்கும், பி-256 சட்டென்று முடியும். அளவிலும் வித்தியாசம் பெரியது: பி-256 தனிச்சாவி வெறும் 32 பைட், ஆர்எஸ்ஏ 2048 சாவி கோப்பாக ஆயிரம் பைட்டைத் தாண்டும். சான்றிதழ்களும் அதற்கேற்பச் சிறுக்கும், ஒவ்வொரு இணைப்பிலும் சிம் டேட்டா மிச்சம்.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், பலர் கவனிக்காமல் போகிற இடம் இது. சாவியின் பலம் அது பிறக்கும்போது கிடைக்கும் தற்செயல் எண்ணில் இருக்கிறது. இஎஸ்பி32இல் அதற்கென்று வன்பொருள் உண்டு, ஆனால் வைஃபை அல்லது புளூடூத் ஓடிக்கொண்டிருந்தால்தான் அது உண்மையான தற்செயல் எண் தரும் என்று சிப்பைச் செய்யும் எஸ்பிரசிஃப் நிறுவனத்தின் ஆவணத்தில் தெளிவாக எழுதியிருக்கிறது. எங்கள் கருவி மோடம் வழியாகப் பேசுகிறது, பற்றரியை மிச்சம் பிடிக்க வைஃபையையும் புளூடூத்தையும் முழுதாக அணைத்து வைத்திருக்கிறோம். அந்த நிலையில் சாவி உருவாக்கினால் எல்லாம் சரியாக நடந்த மாதிரியே இருக்கும், ஒரு பிழைச் செய்தியும் வராது, சாவி மட்டும் ஊகிக்கக்கூடியதாக இருக்கலாம். ஆகவே சாவி உருவாக்கும் முன் உள்ளக இரைச்சல் மூலத்தை இயக்கும் பூட்லோடர் ரேண்டம் எனேபிள் என்ற அழைப்பைச் செய்து, முடிந்ததும் அதை நிறுத்துகிறோம். நிறுத்தாவிட்டால் பற்றரி மின்னழுத்தம் படிக்கும் ஏடிசி குழம்பும்.

ஏற்கனவே நட்டவற்றுக்குப் புதுச் சாவி கொடுக்கும் வேலையில், எல்லாக் கருவிக்கும் ஒன்றாயிருந்த பழைய தனிச்சாவியோடு வருகிறவர் உண்மையான கருவிதானா என்ற சந்தேகம் இருந்தது. தொடரிலக்கத்தை நட்ட இடத்தின் பதிவோடும் சிம் இலக்கத்தோடும் ஒப்பிட்டு, ஒரு கருவிக்கு ஒரே ஒரு முறை என்று கையால் அனுமதி கொடுத்தோம். மெதுவான வேலைதான், ஆனால் அவசரப்படுத்தக்கூடாத வேலை. எல்லாம் மாறியதும் பழைய சாவியைச் சேர்வர் ஏற்பதை நிறுத்திவிட்டோம்.

சாவியை எங்கே வைப்பது? ஓடிஏ தொடாத தனி என்விஎஸ் பிரிவில், அதாவது பிளாஷில் தரவைச் சேமிக்கும் பகுதியில். புதிதாகச் செய்பவற்றில் பிளாஷ் குறியாக்கம், என்விஎஸ் குறியாக்கம், செக்யூர் பூட் (நாம் கையொப்பமிட்ட ஃபர்ம்வேரை மட்டும் ஓடவிடுவது) மூன்றும் மேசையிலேயே இயக்கப்படுகின்றன. பிளாஷ் குறியாக்கமும் செக்யூர் பூட்டும் சிப்பில் ஒருமுறை மட்டும் எழுதக்கூடிய இஃபியூஸில் எரிக்கப்படுபவை, திரும்ப மாற்ற முடியாது, ஆகவே முதலில் ஒரு உதிரிப் பலகையில் பழகுங்கள். வயலில் நிற்பவற்றில் தொலைவிலிருந்து இதைச் செய்யவில்லை. கருவியைத் தொடக்கிவைக்கும் பூட்லோடரையே மாற்ற வேண்டியிருக்கும், நடுவில் பற்றரி இறங்கினால் கருவி எழும்பாது. பழுது பார்க்க வரும்போது ஒவ்வொன்றாகச் செய்கிறோம்.

அப்புறம் நேரம். மின் போய் வந்தால் இஎஸ்பி32இன் கடிகாரம் 1970 ஜனவரி 1இலிருந்து தொடங்கும். அந்தத் தேதிக்கு எந்தச் சான்றிதழும் இன்னும் பிறக்கவில்லை. இதனாலோ என்னவோ இஎஸ்பி-ஐடிஎஃப்பில் காலாவதித் தேதி பார்ப்பது இயல்பாகவே அணைந்திருக்கிறது, மெனுகான்ஃபிக் என்ற அமைப்புப் பட்டியலில் போய் நாமே இயக்க வேண்டும். இயக்கினோம். நேரத்தை மோடம் மூலம் போன் கோபுரத்திலிருந்து எடுக்கிறோம், கிடைக்காவிட்டால் இன்டர்நெட் நேரச் சேவையான என்டிபி. எதிலிருந்து வந்தாலும், ஃபர்ம்வேர் உருவான தேதிக்கோ கடைசியாகச் சேமித்த தேதிக்கோ முந்திய நேரத்தைக் கருவி ஏற்காது.

நினைவகம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பழைய மென்பொருளில் எம்க்யூடிடி பகுதிக்கு ஒரு சான்றிதழ்ப் பிரதி, ஓடிஏ பகுதிக்கு இன்னொன்று, வேறொரு பகுதிக்கு மூன்றாவது, எல்லாம் பெம் எழுத்து வடிவில், இணைக்கும் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து பிரித்துப் படித்தார்கள். இப்போது ஒரே களஞ்சியம், டெர் என்ற இரும வடிவில். பெம்மை விட நாலில் ஒரு பங்கு சிறியது. தொடங்கும்போது ஒருமுறை படிக்கப்படும், மற்றப் பகுதிகள் ஓர் எண்ணைச் சொல்லிக் கேட்கும். ஸெஃபிர் என்ற சிறு கருவி இயங்குதளம் பழகியவர்களுக்கு இந்த எண் முறை தெரிந்திருக்கும். டிஎல்எஸ் நூலகமான எம்பெட்டிஎல்எஸ் அனுப்பவும் பெறவும் 16 கிலோபைட் வீதம் பிடித்து வைத்திருந்ததில், அனுப்பும் பக்கத்தை 4 கிலோபைட்டாகக் குறைத்தோம். எங்கள் செய்திகள் சில நூறு பைட்தான், அது தாராளம்.

புதுப்பித்தலுக்கு இரண்டு இடங்கள், அ, ஆ என்று. ஆயுளில் மூன்றில் இரண்டு பங்கு போனதும் கருவி புதுச் சாவி உருவாக்கி, புதுச் சான்றிதழ் வாங்கிக் காலி இடத்தில் வைக்கும். அதை வைத்து ஒருமுறை உண்மையாக இணைந்து பார்த்த பிறகுதான் “இனி இதுதான்” என்ற குறியை மாற்றும். இடையில் மின் போனாலும் பழையது அப்படியே இருக்கும். எல்லாக் கருவியும் ஒரே நாளில் சேர்வரைத் தட்டாமல் இருக்க, ஒவ்வொன்றும் சில நாட்களைத் தற்செயலாகக் கூட்டிக்கொள்ளும். சேர்வரில் ஓர் எளிய அட்டவணை: தொடரிலக்கம், எந்த மதகு, சான்றிதழ் முடியும் தேதி. புதுப்பிக்க வேண்டிய நாள் தாண்டியும் வராததை அது சிவப்பில் காட்டும்.

கருவி களவு போனால் என்ன செய்வது? சேர்வரில் ஓடும் எம்க்யூடிடி மென்பொருளான மொஸ்கிட்டோவில் சான்றிதழ் கட்டாயம் என்று வைத்து, அதிலுள்ள பெயரையே பயனர் பெயராக எடுக்கச் சொல்லியிருக்கிறோம். ஒவ்வொரு கருவிக்கும் தன் பெயரில் உள்ள தலைப்பில் மட்டும்தான் எழுத அனுமதி. அண்மையில் ஒரு கம்பத்தை யானை சாய்த்துவிட்டது, பெட்டியைத் தேடியும் கிடைக்கவில்லை. அனுமதிப் பட்டியலில் அந்த ஒரு பெயரை எடுத்துவிட்டோம், மற்ற எதையும் தொட வேண்டியிருக்கவில்லை.

இன்னும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது, ஃபர்ம்வேருக்குக் கையொப்பமிடும் சாவி. எங்களிடம் உள்ள இஎஸ்பி32 சிப் செக்யூர் பூட்டில் ஒரே ஒரு கையொப்பச் சாவியைத்தான் ஏற்கும், அது தொலைந்தாலோ கசிந்தாலோ அந்தக் கருவிக்கு மாற்று வழியில்லை. இஎஸ்பி32-எஸ்3 மூன்று வரை வைத்துக்கொள்ளும், ஒன்றைச் செல்லாததாக்கி அடுத்ததற்குப் போகலாம். சிறுபோகத்துக்கு முன் நடப்போகும் தொகுதியை அதற்கு மாற்றி, பலகை வரைந்துகொண்டிருக்கிறோம்.