சோத்தேர்ன்: பூஞ்சைக்காகக் காத்திருக்கும் திராட்சைத் தோட்டங்கள்

பிரான்ஸில் போர்தோ நகருக்குத் தெற்கே உள்ள சோத்தேர்னின் இனிப்பு ஒயினுக்கு அடிப்படை இரண்டு ஆறுகள். மரநிழலில் ஓடிவரும் குளிர்ந்த சீரோன், வெதுவெதுப்பான காரோனில் கலக்கும் இடத்தில் இலையுதிர்காலக் காலைகளில் மூடுபனி எழும்பும். அந்த ஈரத்தில் பொட்ரைட்டிஸ் பூஞ்சை பழத்தோலைத் துளைக்கும். மதியம் வெயில் அடித்தால் துளை வழியே நீர் ஆவியாகி, சர்க்கரையும் புளிப்பும் உள்ளே திரளும். வெயில் வராமல் மழை பிடித்துக்கொண்டால் அதே பூஞ்சை சாம்பல் அழுகலாகிக் குலையையே கெடுத்துவிடும்.

முக்கிய ரகம் செமியோன். தோல் மெல்லிசு, பூஞ்சை எளிதில் நுழையும். புளிப்புக்கும் மணத்துக்கும் கொஞ்சம் சோவினியோன் பிளாங்க்.

எல்லாப் பழமும் ஒன்றாகச் சுருங்காது. அதனால் ஒரே வரிசைக்குப் பல வாரங்களில் திரும்பத் திரும்பப் போய், பக்குவமானதை மட்டும் கையால் பறிக்க வேண்டும். விதிப்படி ஹெக்டேருக்கு அதிகபட்சம் 2,500 லிட்டர் ஒயின். நல்ல தோட்டங்களில் அதுகூடத் தேறாது. இப்பகுதியின் புகழ்பெற்ற தோட்டமான ஷாத்தோ திக்கெமில் கொடிக்கு ஒரு கிளாஸ்தான் கணக்கு. 1972, 1992, 2012 ஆண்டுகளில் பழம் தரமில்லை என்று அவர்கள் தங்கள் இனிப்பு ஒயினை வெளியிடவே இல்லை. அந்த நேர்மைக்காகவே அவர்கள் ஒயினின் அதிக விலை நியாயம் என்பேன்.

நொதித்தலும் மெதுவாகத்தான் நடக்கும். ஆல்கஹால் 13–14 சதவீதத்தைத் தொடும்போது ஈஸ்ட் ஓய்ந்துவிடும். லிட்டருக்கு 120 கிராமுக்கு மேலும் சர்க்கரை மிஞ்சலாம். பாட்டிலுக்குள் அது மறுபடி நொதிக்காமலிருக்கக் கந்தக டை ஆக்சைடு கூடுதலாகத் தேவை.

10 டிகிரிக்குக் குளிர்வித்து, உப்புக் கரிக்கும் ரோக்ஃபோர் சீஸுடன் சிறிய கிளாஸில் பரிமாறுங்கள்.