ஆங்கில இலக்கியம் படித்து எடிட்டிங் வேலைக்குப் போனேன்: அலையவிட்டது காகிதம்தான்

ஒரு கல்விப் பதிப்பகத்தில் காப்பி எடிட்டராக, அதாவது அச்சுக்குப் போகும் முன் எழுத்தைத் திருத்துபவராகச் சேர்ந்துவிட்டேன். தேர்வு, நேர்காணல் எல்லாம் முடிந்த பிறகும் வேலை கைக்கு வராமல் இழுத்தடித்தது ஒரே ஒரு சான்று. அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. இதே படிப்பில் இருப்பவர்களுக்கு அந்த அலைச்சல் வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் பட்டப்படிப்பில் இலக்கியத்தோடு எழுத்துப் பயிற்சியும் சேர்ந்திருந்தது. கவிதை, நாடகம், நாவல், விமர்சனக் கோட்பாடு, அப்புறம் கிரியேட்டிவ் ரைட்டிங், எடிட்டிங். படிப்பில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. மதிப்பெண் பட்டியலில்தான் வினை. எடிட்டிங் பாடத்தின் பெயர் அதில் இல்லை. 'விருப்பப் பாடம் 2', 'விருப்பப் பாடம் 3' என்று மட்டும் அச்சாகியிருந்தது. விண்ணப்பத்தில் எடிட்டிங் படித்திருக்கிறேன் என்று எழுதியிருந்தேன். பணி நியமனத்துக்கு முன் பதிப்பகத்தின் எச்.ஆர். பிரிவு அதற்கு ஆதாரம் கேட்டது. பாடத்தின் பெயர், அதில் என்ன நடத்தினார்கள் என்ற விவரம், கல்லூரியின் முத்திரை. கேட்டது நியாயமானதுதான்.

கல்லூரி அலுவலகத்தில் இருந்தவர் நான் நீட்டிய தாளை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "மார்க் ஷீட்ல என்ன இருக்கோ அதுதாம்மா. வேணும்னா எக்ஸாம் செக்‌ஷன்ல கேளுங்க." தேர்வுப் பிரிவில் கேட்டால், பாடத்திட்டம் துறையின் பொறுப்பு என்றார்கள். துறையிலோ பாடத்திட்டம் மாறிவிட்டது, பழையது இணையதளத்திலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது என்றார்கள். மூன்று இடத்திலும் யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் எழுந்து போய் ஒரு அலமாரியைத் திறந்து பார்க்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. ஒவ்வொரு வருடமும் ஒரு வகுப்பே படித்து வெளியேறிய பாடம் அது.

வழி காட்டியவர் நூலகர். எங்கள் கல்லூரி ஆண்டுதோறும் அச்சிட்ட பாடத்திட்டக் கையேடுகள் பைண்டு செய்யப்பட்டு நூலகத்தின் உள்ளறையில் இருந்தன. நான் சேர்ந்த ஆண்டின் கையேட்டில் பாடத்தின் பெயர், அலகுவாரியான விவரம், படிக்க வேண்டிய நூல்கள் எல்லாம் இருந்தன. நகல் எடுத்துக்கொண்டு அலுவலகம் போனேன். துறைத்தலைவர் கையெழுத்து இருந்தால்தான் முத்திரை என்றார்கள். அவர் அன்று விடுப்பு. அந்தப் பயணமும் வீண்.

அடுத்த முறை கடிதத்தை நானே தட்டச்சு செய்து எடுத்துப் போனேன். 'விருப்பப் பாடம் 2 என்று மதிப்பெண் பட்டியலில் குறிப்பிடப்பட்டிருப்பது காப்பி எடிட்டிங் என்னும் பாடம்' என்று ஒரு வரி, கீழே பதிவு எண், படித்த ஆண்டுகள், இணைப்பாகக் கையேட்டின் பக்கங்கள். துறைத்தலைவர் படித்துப் பார்த்து உடனே கையெழுத்திட்டார். முத்திரையும் அன்றே விழுந்தது. அலுவலகத்தில் எழுதித் தரச் சொல்லிக் கேட்டால் நாள் போகும். எழுதிக் கொண்டுபோனால் வேலை நடக்கும். இன்னும் கல்லூரியில் இருப்பவர்கள், ஒவ்வொரு பருவமும் பாடத்திட்டத்தைப் பி.டி.எஃப். ஆகச் சேமித்து வையுங்கள்.

இன்டர்ன்ஷிப் சான்றிதழிலும் கவனம் வேண்டும். 'சிறப்பாகப் பணியாற்றினார்' என்று பொதுவாக எழுதிய சான்றிதழ் எதற்கும் பயன்படாது. மெய்ப்புப் (அச்சுப்படியில் பிழை) பார்த்தீர்களா, குறிப்புரை சரிபார்த்தீர்களா, அட்டவணை தயாரித்தீர்களா என்பது அதில் இருக்க வேண்டும். நிறுவனத்தை விட்டுக் கிளம்பும் முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள்.

இனி எடிட்டிங் தேர்வு. வீட்டிலிருந்தே செய்து அனுப்பும் தேர்வு. 'எங்கள் ஸ்டைல் ஷீட்டின்படி திருத்தவும்' என்று மின்னஞ்சலில் இருந்தது, ஆனால் ஸ்டைல் ஷீட், அதாவது அவர்களுடைய எழுத்து நடை விதிகளின் பட்டியல், இணைக்கப்படவில்லை. இந்த மாதிரி நேரத்தில் ஊகித்துச் செய்யாதீர்கள், கேளுங்கள். நான் கேட்டேன். சிகாகோ மேனுவலை (ஆங்கிலப் பதிப்புத் துறையில் பயன்படும் நடைக் கையேடு) அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. இலக்கிய மாணவர்களுக்குப் பழகியது மாடர்ன் லாங்குவேஜ் அசோசியேஷனின் எம்.எல்.ஏ. முறை: மேற்கோளுக்குப் பின் அடைப்புக்குறிக்குள் ஆசிரியர் பெயரும் பக்க எண்ணும். சிகாகோவில் அடிக்குறிப்பு முறை முக்கியம், நூற்பட்டியலின் அமைப்பும் வேறு. அதிலும் 18ஆம் பதிப்பு 2024இல் வந்துவிட்டது. நூல் விவரத்தில் பதிப்பித்த ஊரின் பெயர் அதன்படி கட்டாயம் இல்லை. நூலகத்தில் பழைய பதிப்பை வைத்துத் தயாராகிறவர்கள் எந்தப் பதிப்பு என்று கேட்டுக்கொள்வது நல்லது.

தேர்வுப் பகுதியில் எழுத்துப்பிழைகள் சுலபம். ஒரே ஆங்கிலச் சொல்லை ஒரு பத்தியில் எஸ் போட்டும் இன்னொரு பத்தியில் இஸட் போட்டும் எழுதியிருந்தார்கள். அப்புறம் எழுவாய் தொங்கும் வாக்கியங்கள், அதாவது முன்பகுதி யாரைக் குறிக்கிறது என்று பொருந்தாதவை. எனக்கு இன்றும் நெஞ்சு நிறையும் இடம் வேறு. 'ஜேன் ஆஸ்டினின் முதல் நாவல் 1811இல் அவருடைய பெயரில் வெளிவந்தது' என்று ஒரு வரி. இலக்கணப்படி குற்றமே இல்லாத வாக்கியம். ஆண்டும் சரி. ஆனால் ஆஸ்டின் உயிரோடு இருந்தவரை அவர் நாவல் எதிலும் அவர் பெயர் அச்சாகவில்லை. முதல் நூலின் முகப்பில் 'ஒரு பெண்மணி எழுதியது' என்றுதான் இருந்தது. 1817இல் அவர் இறந்த பிறகுதான் அண்ணன் ஹென்றி, ஆஸ்டினின் பெயரை வெளிப்படையாக எழுதினார். ஓரத்தில் கேள்வியாகக் குறித்து அனுப்பினேன். நேர்காணலில் முதலில் பேசியதே அதைப் பற்றித்தான். இலக்கியம் படித்து என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டவர்கள் எல்லோரும் அப்போது நினைவுக்கு வந்தார்கள்.

திருத்துவதைவிடக் கேள்வி கேட்பதற்கு மதிப்பு அதிகம் என்பதையும் அங்கேதான் பார்த்தேன். ஆசிரியரின் வாக்கியத்தை நாமே மாற்றிவிட்டால் அது தவறாகவும் போகலாம். சந்தேகத்தை ஓரத்தில் எழுதி அவரிடமே விட வேண்டும்.

போர்ட்ஃபோலியோ (வேலை கேட்கும்போது காட்டும் மாதிரித் தொகுப்பு) பற்றி ஒரு எச்சரிக்கை. என் வகுப்பில் பலர் கவிதைகளையும் நீண்ட ஆய்வுக் கட்டுரையையும் அப்படியே வைத்தார்கள். எடிட்டிங் வேலைக்குத் திருத்துவதற்கு முன், பின் என்று ஒரே பக்கத்தின் இரண்டு வடிவங்கள் போதும், எழுதியவரின் அனுமதி வாங்கியிருந்தால். இணைய இதழ்களில் வந்ததற்கு இணைப்பை மட்டும் நம்பாதீர்கள். இதழ் நின்றால் இணைப்பும் போய்விடும்.

இன்னொன்று. வெளிநாட்டில் மேற்படிப்புக்கு ஜி.ஆர்.இ. (மேற்படிப்புச் சேர்க்கைக்கான தேர்வு) இலக்கியப் பாடத் தேர்வு எழுத வேண்டும் என்று சீனியர்கள் இன்றும் சொல்கிறார்கள். அந்தத் தேர்வு 2021 ஏப்ரலோடு நிறுத்தப்பட்டுவிட்டது. அதற்கான பழைய புத்தகங்களில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். நீங்கள் சேர நினைக்கிற பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கத்தை நேரடியாகப் பாருங்கள்.

என்னோடு படித்தவர்களில் சிலர் ஆசிரியர்கள், ஒருத்தி சட்டம் படிக்கிறாள், ஒருவர் சப்டைட்டில் எழுதுகிறார். மென்பொருள் நிறுவனத்தில் டெக்னிகல் ரைட்டராக (மென்பொருள் விளக்க ஆவணங்கள் எழுதுபவராக) சேர்ந்த தோழியிடம் நேர்காணலில் டிட்டா (DITA) தெரியுமா என்று கேட்டிருக்கிறார்கள். எக்ஸ்.எம்.எல். என்னும் குறியீட்டு மொழியின் அடிப்படையில் ஆவணங்களைத் துண்டு துண்டாக எழுதும் முறை அது. கல்லூரியில் யாரும் சொல்லித் தரவில்லை, விடுமுறையில் தானாகவே படித்து வைத்திருந்தாள். அந்தத் திசையில் போக நினைப்பவர்கள் கடைசிப் பருவத்துக்கு முன்பே அதைத் தொட்டுப் பார்ப்பது நல்லது.

மதிப்பெண் பட்டியலில் பாடப் பெயர்களை அச்சிடச் சொல்லி என் கல்லூரிக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பெற்றுக்கொண்டதற்கு நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்கி வைத்திருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.