ஹெட் கிளீனிங் கொடுக்க முதல்

வீட்டில் படம் அடிக்கிற பிரிண்டர் கரைச்சல் தரத் தொடங்கினால் நம்மாட்கள் உடனே செய்கிற காரியம் ஹெட் கிளீனிங், அதாவது மை தெளிக்கிற ஹெட்டை பிரிண்டரே மையை உறிஞ்சிச் சுத்தம் செய்கிற வேலை. ஒருக்கால் கொடுத்துச் சரிவராவிட்டால் இன்னொருக்கால், பிறகும் இன்னொருக்கால். ஒவ்வொரு தடவையும் உறிஞ்சப்படுகிற மை பிரிண்டருக்கு அடியில் இருக்கிற பஞ்சுக்குத்தான் போகிறது. அந்தப் பஞ்சு நிறைந்துவிட்டால் பல மொடல்கள் வேலையே செய்யாமல் நின்றுவிடும், அது வேறு செலவு. அதனால் முதலில் சாதாரண ஏ4 தாள் ஒன்றை வைத்து நொசில் செக் எடுங்கள், ஹெட்டில் மை வருகிற நுண்துளைகள் அடைபட்டிருக்கிறதா என்று காட்டுகிற கோட்டுப் படம் அது. கோடுகள் எங்கும் அறுபடாமல் வந்தால் ஹெட்டில் பிழை இல்லை. அப்படியிருந்தும் படத்தில் மெல்லிய வரி விழுகிறதென்றால் அலைன்மென்ட், அதாவது ஹெட்டை நேர்ப்படுத்துகிற வேலை, செய்து பாருங்கள்.

போன கிழமை மருமகள் ஒருத்தி வட்ஸ்அப்பில் கேட்டாள்: "மாமா, சாமத்தியவீட்டுப் படமெல்லாம் ஒரே சிவப்பா வருது, பேப்பர் சரியில்லையா?" பேப்பரில் ஒன்றும் இல்லை, சியான் (இளநீல மை) அடைபட்டிருந்தது. சியான் வராவிட்டால் படம் சிவக்கும், மஜந்தா (ஊதாச்சிவப்பு மை) வராவிட்டால் பச்சையடிக்கும், மஞ்சள் வராவிட்டால் நீலம் தூக்கும். நொசில் செக்கில் எந்த நிறம் அறுந்திருக்கிறது என்று பார்த்தாலே விளங்கிவிடும். அறுந்திருந்தால் கிளீனிங் கொடுக்கத்தான் வேண்டும், ஆனால் இரண்டு மூன்று தடவையோடு நிறுத்தி இரவு முழுக்க சும்மா விட்டுவிடுங்கள். காய்ந்த மை ஊறவும் உள்ளே நிற்கிற காற்றுக்குமிழி விலகவும் நேரம் வேண்டும். கையேடுகளும் பெரும்பாலும் இதைத்தான் சொல்கின்றன, யார் வாசிக்கிறார்கள்!

மட்டக்களப்பில் கச்சான் காலத்துக் கரைச்சல் ஒன்று, மாரிக் கரைச்சல் வேறொன்று.

கச்சான் காற்று அடிக்கிற ஆனி, ஆடியில் ஹெட் காயும். பிரிண்டரை அதன் சொந்தப் பட்டனால் நிறுத்தினால்தான் ஹெட் ஓரத்துக்குப் போய் மூடிக்குள் உட்காரும். படம் அடித்துக்கொண்டிருக்கும்போதே சுவரில் சுவிச்சை நிறுத்தினால் நடுவழியில் திறந்தபடி நின்று காயும். கரண்ட் போனாலும் இதே கதைதான், 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்களே, அப்போது எத்தனை ஹெட் காய்ந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கரண்ட் வந்ததும் பிரிண்டரைப் போட்டு, அது ஓய்ந்தபின் பட்டனால் நிறுத்துங்கள். படமே அடிக்காத காலத்திலும் கிழமைக்கு ஒன்றாவது எல்லா நிறமும் உள்ளதாக அடித்துவிட்டால் நல்லது.

மாரியில் பேப்பர். கல்லடி, நாவலடி மாதிரி ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக இருக்கிற இடங்களில் பக்கெட்டைத் திறந்து வைத்தால் 4x6 பேப்பர் அப்பளம் மாதிரி வளையும், இரண்டு இரண்டாக இழுக்கும், மையும் ஆறாது. அடித்து முடிந்ததும் மிச்சப் பேப்பரைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு சிப் பையில் போட்டு மூடுங்கள். பேப்பரையே இழுக்காவிட்டால் ரோலரில் தூசி பிடித்திருக்கும், ஈரத்துணியால் மெல்லத் துடைத்தால் பெரும்பாலும் சரி. அடித்த படம் தொட்டால் காய்ந்த மாதிரித்தான் இருக்கும், என்றாலும் ஒரு நாள் விட்டு அல்பத்தில் வையுங்கள்.

கறுப்பு மட்டும் விரலில் ஒட்டுகிறதா? கனன் ஜி வரிசையில் பல மொடல்களுக்குக் கறுப்பு பிக்மென்ட் மை (நுண்துகள் மிதக்கிற மை), மற்ற நிறங்கள் டை மை (சாயம் கரைந்த மை). பளபளப்பான பேப்பரை வைத்துவிட்டு செட்டிங்கில் 'பிளெய்ன் பேப்பர்' என்று விட்டால் அந்தக் கறுப்பு பேப்பருக்குள் இறங்காமல் மேலேயே நிற்கும். போட்டோ பேப்பர் என்று மாற்றினால் மற்ற நிறங்களைக் கலந்தே கறுப்பை உண்டாக்கும். கடைக்குப் போய் மையைக் குறை சொல்ல முதல் இதைப் பாருங்கள். பேப்பரைப் பின்பக்கமாகப் போட்டாலும் மை வழியும், அதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைத்தேன், தேவைதான்.

கல்லடிப் பாலத்தில் எடுத்த அந்திவானம் போனில் தகதகவென்று இருந்து தாளில் மங்கலாக வந்தால் பிரிண்டரோடு சண்டை பிடிக்காதீர்கள். திரை தானே ஒளி விடுகிறது, தாளுக்கு அது கிடையாது. திரை வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்துப் பார்த்துவிட்டு அடியுங்கள். தலை வெட்டுப்படுவதும் பிரிண்டரின் பிழை அல்ல, போன் படம் பெரும்பாலும் 4:3, 4x6 தாளோ 3:2. நீங்களே முதலில் வெட்டிக்கொள்ளுங்கள். வட்ஸ்அப்பில் வந்த படம் 4x6க்குத் தாராளமாகப் போதும், ஏ4 அளவில் அடிப்பதென்றால் படம் சுருங்காதபடி டொக்யுமென்டாக அனுப்பச் சொல்லி வாங்குங்கள்.

பாஸ்போட் படத்தை மட்டும் வீட்டில் அடிக்க நினைக்காதீர்கள். அதற்கு அங்கீகாரம் உள்ள ஸ்டூடியோவுக்குத்தான் போகவேண்டும்.