டான் பெட்ரெஸ்கு: ஏறி ஆடிய டிஃபெண்டர், இறங்கி நிற்கச் சொன்ன கோச்

1998 உலகக் கோப்பை, துலூஸ். ருமேனியா 1, இங்கிலாந்து 1. ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் இங்கிலாந்து பாக்ஸுக்குள் பந்தைத் துரத்துகிறார் ருமேனிய டிஃபெண்டர் டான் பெட்ரெஸ்கு. கூடவே ஓடுபவர் இங்கிலாந்தின் கிரேம் லெ சோ. செல்சியில் இருவரும் ஒரே டீம். தோளோடு தோள் இடித்து முந்தி, கோல்கீப்பர் சீமனின் இரு கால்களுக்கு நடுவே தட்டிவிட்டார். 90-வது நிமிடம், 2-1.

வலது பக்கம் காவல் காக்க வேண்டியவருக்கு அங்கே என்ன வேலை? அவர் ஆட்டமே அப்படித்தான். 1994 உலகக் கோப்பையில் அமெரிக்காவை 1-0 என்று சாய்த்ததும் அவர் கோல்தான். கோல்கீப்பர் மியோலா திறந்து வைத்திருந்த முதல் போஸ்ட் பக்கமாக அடித்தது. நாட்டுக்காக 95 ஆட்டங்கள், 12 கோல். போதாக்குறைக்கு, இத்தாலியில் ஃபோஜா கிளப்பில் கோச்சாக வாய்த்தவர் ஸெமான். பின்னால் ஆள் நிறுத்துவதில் அவருக்கு அவ்வளவு அக்கறை கிடையாது.

கோச் ஆனதும் பெட்ரெஸ்கு நேர் எதிர். 2006-ல் அவர் எடுத்த உனிரியா உர்ஸிசெனி, ருமேனியாவில் இருபதாயிரம் பேர்கூட இல்லாத ஊரின் கிளப். நட்சத்திரம் வாங்கக் காசில்லை. நாலு பேர், நாலு பேராக இரண்டு வரிசை. நடுவில் இடைவெளி விடக்கூடாது. பந்து கிடைத்தால் நீளமாக முன்னால். கார்னரும் ஃப்ரீகிக்கும்தான் சொத்து. 2009-ல் ருமேனிய லீக் சாம்பியன்.

அதே வருடம் ஐரோப்பாவின் பெரிய கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக். கிளாஸ்கோவில் ரேஞ்சர்ஸை 4-1, சொந்த நாட்டில் ஸ்பெயினின் செவியாவை 1-0. இவற்றில் சேம் சைடு கோல்களும் உண்டு என்று சிலர் இளக்காரம் பேசுவார்கள். தன் கோலைப் பார்த்து ஓடிவரும் டிஃபெண்டருக்கு முன்னால் பந்து விழுந்தால் எதில் பட்டாலும் ஆபத்து. திரும்பத் திரும்ப அங்கே போடுவதும் ஒரு வேலைதான்.

கடைசி ஆட்டம் ஸ்டுட்கார்ட்டில். டிரா போதும், நாக்அவுட்டுக்குப் போய்விடலாம். 5, 8, 11-வது நிமிடங்களில் மூன்று கோல் வாங்கினார்கள், முடிவு 3-1. இந்த முறையின் ஓட்டை இதுதான். 0-0 நீடிக்கும்வரை எல்லாம் சரி. முதலிலேயே பின்தங்கிவிட்டால், துரத்திப் பிடிக்க ஆளும் இல்லை, பழக்கமும் இல்லை. அந்த மாதமே பெட்ரெஸ்கு ரஷ்யாவின் குபான் கிளப்புக்குப் போனார். 2011-ல் உனிரியா கலைக்கப்பட்டது.

நடுவில் மாஸ்கோ, சீனா, துபாய் என்று சுற்றியதை விட்டுவிடலாம் (2015-ல் ஜியாங்சு கிளப்புக்குச் சீனக் கோப்பை வாங்கித் தந்தார்). பார்க்க வேண்டியது அவர் கோச்சாக இருந்த ருமேனிய கிளப் சிஎஃப்ஆர் கிளுஜ். சாம்பியன்ஸ் லீக்குக்கு அடுத்த நிலைப் போட்டியான யூரோப்பா லீக்கில், 2019-20-ல் அவர்கள் குரூப்பில் லாசியோ, செல்டிக், ரென் கிளப்புகள். ஆறு ஆட்டங்களில் அடித்ததே ஆறு கோல். ஆனால் 12 புள்ளி, இரண்டாம் இடம். அடுத்த சுற்றில் செவியாவிடம் 1-1, 0-0. ஒரு ஆட்டத்திலும் தோற்காமல், எதிராளி மண்ணில் அடிக்கும் கோலுக்குக் கூடுதல் மதிப்பு என்ற அப்போதைய விதியால் வெளியேறினார்கள்.